கோல்கீப்பருக்காக உட்கார்ந்தவள்

சென்ற வாரம் ஓர் ஆட்டக்காரியின் மட்டை கைநழுவி என் காலில் வந்து பட்டது. நான் குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். யோசித்துச் செய்ததல்ல, கை தானாகப் போய்விட்டது. பக்கத்தில் கடிகாரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த லிண்டா பதறிப்போய், கண்ணில் ஏதாவது விழுந்துவிட்டதா, டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். எங்கள் ஊரில் மட்டையையும் புத்தகத்தையும் கால் தொடக் கூடாது என்று விளக்கிச் சொல்வதற்குள் இடைவேளையே முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் இது கோயில் மட்டையா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கனடாவுக்கு வந்து பதினோரு வருடமாகிறது, விளக்கம் சொல்லிச் சொல்லி நானும் சோம்பேறியாகிவிட்டேன்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பிழைப்புக்கு நர்ஸ். குளிர்காலத்தில் மட்டும், டொரான்டோவுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் ஊரின் பனித்தளத்தில் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று உண்டு. ஐஸ் ஹாக்கியில் தப்பாட்டம் ஆடியவர்களை இரண்டு நிமிடம் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைப்பார்கள். பெனால்டி பாக்ஸ் என்று பெயர். அதன் கதவைத் திறந்து மூடுவதுதான் நான் பார்க்கும் உத்தியோகம். உள்ளே வருகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலும் துண்டும் கொடுக்கலாம், பேச்சு மட்டும் கூடாது. நாலு வருடமாகக் குழந்தைகளுக்குத் திறந்து மூடிய கை இது. இந்த ஆண்டு பெண்களுக்கான உலகப் போட்டி எங்கள் ஊருக்கே வந்ததும் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆவடியில் அம்மாவிடம் போனில் சொன்னபோது, பனிக்கட்டி மேல் எதற்கடி ஓடுகிறார்கள், விழமாட்டார்களா என்று கேட்டார். விழுவார்கள், எழுந்து ஓடுவார்கள் என்றேன்.

நான் இந்த வேலைக்கு வந்ததற்கு ஹாக்கி என்ற சொல்தான் காரணம். புதிதாக வந்தபோது பனித்தளத்தின் பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு உள்ளே போனேன். பள்ளிக்கூடத்தில் நானும் ஹாக்கி ஆடியவள். ஆனால் இங்கே மண் இல்லை, சுண்ணாம்புக் கோடு இல்லை, பந்துகூட இல்லை, கறுப்பு ரப்பர் வில்லை ஒன்றுதான். இது நம்ம ஹாக்கி இல்லை என்று திரும்பியிருக்கலாம். கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைத் திரும்ப விடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிய அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் ஒரு நொடிக்கு ஸ்டெல்லாவின் முகமாக இருந்தது. அன்றிலிருந்து அந்தக் கூண்டில் யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் ஸ்டெல்லாதான் உட்காருகிறாள். பிறகுதான் அந்தந்தப் பெண் வருகிறாள். பேய் என்றும் சொல்ல முடியாது. ஸ்டெல்லா உயிரோடு இருக்கிறாள். திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருக்கிறாள்.

ஸ்டெல்லாவும் நானும் ஆவடியில் ஒரே பள்ளி, ஒரே அணி. பன்னிரண்டாம் வகுப்பில் அம்பத்தூர் மைதானத்தில் இறுதி ஆட்டம். விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு ஆள் பார்க்க ஒரு கல்லூரியிலிருந்து வந்திருந்தார்கள். அந்த ஆட்டத்தில் யார் கண்ணில் படுகிறாளோ அவளுக்கு ஓர் இடம். எங்கள் இருவர் வீட்டிலும் அதை விட்டால் கல்லூரிக்கு வேறு வழியில்லை. எதிரணிப் பெண் ஒருத்தி என்னை மூன்று முறை ஏமாற்றிவிட்டுப் போனாள். நாலாவது முறை பந்தை விட்டுவிட்டு அவள் முழங்காலைப் பார்த்து மட்டையை வீசினேன். தெரிந்தேதான் வீசினேன். அங்கே ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து நின்றோம், நடுவர் தள்ளி நின்றார். ஓடி வந்தவர் ஸ்டெல்லாவுக்குச் சிவப்பு அட்டையைக் காட்டினார். நான் இல்ல சார் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கல்லூரி இடம் எனக்குக் கிடைத்தது. வேலப்பன்சாவடிப் பக்கம் நர்சிங் படித்தேன், பிறகு குவைத், பிறகு கனடா. ஸ்டெல்லா அதே வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனுக்குப் போனாள். இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறாள். எனக்கு இங்கே கிடைத்த ஒவ்வொன்றிலும், முதல் சம்பளத்திலும் குடியுரிமைச் சான்றிதழிலும்கூட, அவள் பார்த்த அந்தப் பார்வை இருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, கட்டிய கணவரிடம்கூட.

மட்டை காலில் பட்ட மறுநாள் மாலை ஆட்டத்தில் ஒரு கோல்கீப்பர் எதிரணிப் பெண்ணின் காலைத் தட்டி விழவைத்தார். ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர் தப்பு செய்தால் அவர் கூண்டுக்கு வரவேண்டியதில்லை. தளத்தில் ஆடிக்கொண்டிருந்த வேறொருத்தி அவருக்காக வந்து உட்கார வேண்டும். குழந்தைகள் ஆட்டத்தில் இதைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள். அன்று அப்படி வந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது, சிரிக்கவில்லை. உட்கார்ந்து, மட்டையை முழங்காலில் சாய்த்துவைத்துக்கொண்டு தளத்தைப் பார்த்தாள். பேசக் கூடாது என்பது எனக்கு மறந்தே போனது. நீ எதுவும் செய்யவில்லையே என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது போல. நேரம் முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து கதவில் கை வைத்தாள். திறந்திருந்தால் அவளுடைய அணிக்கே தண்டனை. நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். லிண்டா என்னை முறைத்தார்.

அப்போது தூரத்தில் வலைக்கு முன்னால் நின்ற அந்த கோல்கீப்பர் எங்கள் பக்கம் திரும்பி, தன் பெரிய கையுறையை நெஞ்சில் இரண்டு தடவை தட்டிக் காட்டினார். என் தப்பு என்பதாக. இந்தப் பெண் தலையை ஆட்டினாள். இரண்டு நிமிடம் முடிந்ததும் கதவைத் திறந்தேன், பாய்ந்து போனாள். விசில் ஊதி ஆட்டம் நின்றவுடன் முதல் வேலையாக கோல்கீப்பரிடம் போனாள். அவர் அவள் ஹெல்மெட்டில் தட்டினார், அவ்வளவுதான், ஆட்டம் தொடர்ந்தது. அம்பத்தூரில் அன்றைக்கு நான் கையைக்கூடத் தூக்கவில்லை.

மறுநாள் காலை, ஊரில் ஸ்டெல்லா வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கும் நேரம் பார்த்துப் போன் செய்தேன். அவள் எண் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் ஆறு வருடமாக இருக்கிறது. குரல் அப்படியேதான் இருந்தது. யாரு, கலாவா, இன்னாடி திடீர்னு என்றாள். நான் சுற்றிவளைக்கவில்லை. அம்பத்தூரில் அந்தப் பெண்ணை அடித்தது நான்தான் என்றேன்.

"தெரியும்டி. பக்கத்துலதானே நின்னுகினு இருந்தேன்."

அப்புறம், கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"மேட்ச் முடியறவரைக்கும் கோட்டாண்டயே நின்னுகினு இருந்தேன். ஷூவக்கூட கயட்டல. நீ சொல்லிடுவ, திரும்பக் கூப்புடுவாங்கன்னு."

என்னை மன்னித்துவிடு என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான பேச்சு என்று எனக்கே தெரிந்தது. பிள்ளைகள் எத்தனை, அங்கே குளிர் எப்படி என்று கேட்டாள். நானும் சொன்னேன். போனை வைப்பதற்கு முன்னால்தான் அதைச் சொன்னாள்.

"நீ நல்லா இரு கலா. ஊருக்கு வந்தா மட்டும் என் ஊட்டாண்ட வராத."

டிசம்பர் விடுப்புக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அம்மா ஆவடியில் தனியாக இருக்கிறார், போகாமல் இருக்க முடியாது. ஒரு நாள் சென்ட்ரல் பக்கம் வேலையை முடித்துக்கொண்டு மின்சார ரயிலில் திரும்புவேன். ஆவடியில் நான் இறங்கிக்கொள்வேன். நான் வந்த வண்டி அங்கிருந்து நாலாவது ஸ்டேஷனான திருநின்றவூருக்குக் கிளம்பும். கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் பிளாட்பாரத்திலேயே நிற்பேன். என்னைத் திரும்பக் கூப்பிட யாரும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் நிற்பேன்.