மௌனத்தை வெட்டும் மென்பொருள்

காணொளி வெட்டி ஒட்டுகிறவர்களுக்குத் தெரியும்: ஒரு மென்பொருள் கைக்குப் பழகும் நாளில்தான் அடுத்தது வந்து இறங்கும். அரபுக் குடியேறிகள் நிறைந்த மெரிலேண்ட்ஸ் புறநகரில் ஓர் அரபு இணைய ஊடகத்தில் எனக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அரபு தெரியாது. வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று அம்மா தினமும் கேட்பார்.

கையைத் துரத்திய திரை

முதலில் வந்த மென்பொருள் அகலமான படத்தைத் தொலைபேசித் திரைக்கு ஏற்றபடி தானே ஒடுக்கித் தரும், அசைவதைப் பின்தொடரும் என்றார்கள். எங்கள் சமையல் நிகழ்ச்சியை நடத்தும் லெபனானியப் பெண்மணி கையை வீசிப் பேசுகிறவர். மென்பொருள் அவர் முகத்தை விட்டுவிட்டுக் கையின் பின்னால் ஓடியது. நான் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன். அங்கே பதினைந்து வருடமாக வெட்டிக்கொண்டிருக்கும் அரபுக்காரர் நபீல் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் வீட்டுத் தமிழில் தருகிறேன்: "ஹபீபி, எங்கட ஆக்கள் கையாலதான் கதைக்கிறவை எண்டு மெஷினுக்கே விளங்கிட்டுது."

முந்திக்கொண்ட ஓம்

அடுத்தது, பேச்சுக்கு நடுவே வரும் மௌனங்களைத் தானே வெட்டி எறியும் மென்பொருள். அரைநாள் வேலை பத்து நிமிடத்தில் முடியும். நபீல் வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் பொறுப்பாளர் ரீமா என் பக்கம் திரும்பினார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில், அவர் கேட்டு முடிக்கும் முன்பே நான் 'ஓம்' என்று தலையாட்டினேன். உங்களில் எத்தனை பேர் இப்படி ஆட்டியிருப்பீர்களோ. ரீமா சொன்னார்: "இந்தக் கிழமைப் பேட்டியை அதில செய்யும். வெள்ளிக்கிழமை உம்மட வேலையைப் பற்றிக் கதைப்பம்."

பதினொரு விநாடி

பேட்டி, பேக்கரி நடத்தும் ஒரு சிரிய அம்மாவுடையது. மென்பொருள் வெட்டித் தந்தது விறுவிறுப்பாக இருந்தது. மூலப் பதிவை நான் முழுதாகப் பார்க்கவில்லை. மொழி தெரியாத நான் பார்த்து என்ன பயன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நபீல் மூலப் பதிவைப் போட்டார். எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்கு அந்த அம்மா நான்கு விரல்களை விரித்தார். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரலை மடக்கினார். பதினொரு விநாடி கழித்துத்தான் "மூன்று" என்றார். என் வெட்டில் கேள்வி முடிந்ததும் பதில் வந்துவிட்டது. நபீல் கேட்டார்: "இதுக்கு அரபு தெரிய வேணுமோ?"

வெள்ளிக்கிழமை

பதினொரு விநாடியையும் திருப்பி வைத்தேன். வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், ரீமாவுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அதே மென்பொருளை அவர் எல்லாப் பேட்டிகளுக்கும் போடப்போகிறார். பார்க்காமல் விட்டது நான்தான் என்று போய்ச் சொன்னேன். அவர் அந்த இடத்தை இரண்டு தடவை பார்த்தார். "மென்பொருள் இருக்கட்டும். அது வெட்டினதெல்லாத்தையும் இனி நீர் இருந்து பாக்க வேணும். உம்மட வேலையை இன்னும் மூண்டு மாதம் கழிச்சுப் பாப்பம்."

அன்றும் அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, பதில் சொல்லும் முன் நான் எடுத்துக்கொண்ட விநாடிகளை வெட்ட வீட்டில் எந்த மென்பொருளும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.