வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன்

சாந்தன்பாறையில் ஏலத்தோட்டம் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுவதுதான் என் பிழைப்பு. இங்கிலீஷ் பேசுவேன் என்பதால் படப்பிடிப்புக்காரர்கள் பத்து நாள் வேலைக்கு என்னை அழைத்துக்கொண்டார்கள். கதாநாயகிக்குப் பதிலாகச் சண்டைக் காட்சியில் குதிக்க ஒரு வெளிநாட்டுப் பெண் வந்திருந்தாள். அவள் கூடவே இருந்து, பேசுவதை மாற்றிச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் கயிறு நழுவி, இரண்டு ஆள் உயரத்திலிருந்து பாறைமேல் விழுந்தாள். எழுந்து உட்கார்ந்து சிரிக்கக்கூடச் செய்தாள். ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, முன்சீட்டிலிருந்த படப்பிடிப்பு மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நடக்கும்போது வழுக்கிருச்சுன்னு சொல்லிருங்க. இவ வந்தது டூரிஸ்ட் விசாவுல. வேலை பாத்தான்னு தெரிஞ்சா போலீஸ் கேஸாயிரும்."

சினிமா வேலைக்கென்று தனி விசா உண்டாம். அது வரும்வரை காத்திருக்க மனமில்லாமல் இப்படி வரவழைத்திருக்கிறார்கள். அவளும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிவிடாதே. அப்புறம் என்னை இந்த நாட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள்."

டாக்டர் மலையாளி. என்னிடம் தமிழிலேயே கேட்டார், எப்படி விழுந்தாள் என்று.

"தோட்டத்துல நடக்கும்போது வழுக்கிருச்சு சார்."

முழங்கைக்குக் கட்டுப் போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து, போகலாம் என்றார். வாசல்வரை நடந்தவள் ஜீப்பில் ஏற முடியாமல் இடது விலாவைப் பிடித்தபடி குனிந்துவிட்டாள். முகம் வெளுத்து, கழுத்தெல்லாம் வேர்வை. அப்போதும் ஒன்றுமில்லை என்கிறாள். மேனேஜர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவசரப்படுத்தினார். நான் உள்ளே ஓடினேன்.

"சார், வழுக்கி விழல. கயித்துல தொங்குனவ, ரெண்டாள் உசரத்துல இருந்து பாறையில விழுந்தா."

"இதை ஆத்யமே, முதல்லயே பறஞ்சிருக்கக் கூடாதா?" என்று கத்திக்கொண்டே டாக்டர் எழுந்தார்.

ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்திருப்பது தெரிந்தது. வயிற்றுக்குள் ரத்தம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். விபத்து என்பதால் போலீஸ் வந்தது, பாஸ்போர்ட்டைப் பார்த்தது. படப்பிடிப்பு நின்றுபோனது. உடம்பு தேறியதும் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு.

ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"என் தொழில் போய்விட்டது" என்றாள், முகத்தைத் திருப்பாமலே.

உயிர் பிழைத்தாயே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? பொய்யைச் சொல்லிவிட்டு, அவளுக்குக் கட்டுப் போட்டு முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றவள்தானே நான். பழத்தை மேசையில், அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். அவள் திரும்பவில்லை.