ரஃபி ஓய்வு பெற்றான், நான் அணி மாறினேன்

இன்று தேக்கா போகும் பேருந்தில் ரஃபி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எங்கள் குவீன்ஸ்டவுன் கூடைப்பந்து அணியின் கேப்டன்.

"முட்டி முடியல லா. நேத்தோட ஆட்டத்த நிறுத்திட்டேன்," என்றான்.

அவன் இடத்துக்கு உயரமான ஆள் வேண்டும். தஞ்சோங் பகார் அணி ஒருவரைத் தரச் சம்மதித்திருக்கிறது. பதிலுக்கு அவர்கள் கேட்டது என்னை.

"நீ என்ன சொன்னே?"

"சரின்னுட்டேன். நான் இல்லாம இங்க யாருக்குடா பாஸ் போடுவே?"

அவன் எங்கே நிற்பான் என்று பார்க்காமலே இருபது வருடம் பந்து எறிந்திருக்கிறேன். கடைசியில் தலையாட்டினேன்.

நாற்பத்தாறு வயதில் என்னையும் ஓர் அணி கேட்டு வாங்குகிறது. வாழ்த்துபவர்கள் இந்தப் பதிவின் கீழே வாழ்த்தலாம். சிரிப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வந்து நேரில் சிரிக்கலாம்.