அக்காவின் சத்தியக்கடதாசி

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் எங்களுடன் கூடியிருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுதும்படி அவருடைய பிள்ளைகள் கேட்டபோது, நல்லதை மட்டும் எழுதுவதென்றால் வேறு ஆளைப் பிடியுங்கள் என்றேன். அக்கா மழுப்பலை விரும்பாதவர். தங்கையான நானும் மழுப்பப் போவதில்லை.

அக்கா சாவகச்சேரியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரி. ஆனாலும் எஸ்.எஸ்.சி. சித்தியடைந்த கையோடு அப்பா படிப்பை நிறுத்தினார், கலியாணம் பேசவேண்டுமாம். பேசப்போனால் சாதகத்தில் செவ்வாய் குற்றம். கணவனின் ஆயுளுக்கு ஆகாது என்று மூன்று சம்பந்தங்கள் குழம்பின. அப்பா ஒரு சாத்திரியாரைப் பிடித்துப் புதுச் சாதகம் எழுதுவித்தார். அக்காவுக்கு ஒன்றரை வயது குறைந்தது, செவ்வாயும் விலகியது, அத்தானுடன் பொருத்தம் அமோகம்! பிறப்புப் பதியப்படவில்லை என்று அப்பா சத்தியம் செய்து ஒப்பமிட்ட சத்தியக்கடதாசியும் முடித்துக் கொடுத்ததால், கடவுச்சீட்டிலும் அந்தத் திகதியே ஏறியது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்ற பழமொழியை அப்பா கொஞ்சம் கூடுதலாகவே நம்பியிருந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அத்தானும் அக்காவும் சிட்னிக்கு வந்து லிட்கமில் குடியேறினர். அக்காவுக்கு ஒரு சொலிசிட்டரின், அதாவது சட்டத்தரணியின், அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை கிடைத்தது. கடிதங்களைத் தட்டும்போதே அவற்றிலுள்ள சட்டப் பிழைகளைப் பென்சிலால் குறித்து வைப்பார். அதைக் கண்ட முதலாளிதான், உயர்தரப் படிப்பு இல்லாத வயதுவந்தோரையும் தனிப் பரீட்சை வைத்துப் பல்கலைக்கழகம் எடுக்கிறது என்று சொன்னார். அப்போது பல்கலைக்கழகக் கட்டணமும் நீக்கப்பட்டிருந்தது. அத்தானே போய் விண்ணப்பப் படிவம் வாங்கி வந்து, கடவுச்சீட்டைப் பார்த்து நிரப்பினார். அக்கா வாய் திறக்காமல் கையொப்பமிட்டார்.

பகலில் வேலை, மாலையில் விரிவுரை. பிள்ளையை அயல்வீட்டு அன்ரி பார்த்துக்கொண்டார். இடையில் நானும் வந்து சேர்ந்தேன். குசினி அலுமாரிக் கதவு முழுக்க ஒப்பந்தச் சட்டக் குறிப்புகள் ஒட்டியிருக்கும். கறி கிளறியபடியே படிப்பார். ஆறு வருடங்களில் பட்டம் வந்தது.

சொலிசிட்டராகப் பதிய, பிறப்புச் சான்றிதழோடு வாழ்க்கை விபரங்களையும் சத்தியம் செய்து கொடுக்கவேண்டும். அக்கா ஊருக்கு எழுதினார். அப்பா சான்றிதழை அனுப்பவில்லை. பிறப்புப் பதிவே இல்லை என்று இன்னொரு சத்தியக்கடதாசியைச் சமாதான நீதவான் முன் முடித்து அனுப்பியிருந்தார். உண்மைச் சான்றிதழ் ஊர் வீட்டு ட்ரங்குப்பெட்டிக்குள் இருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும். விண்ணப்பத்தைக் கொடுக்க இருந்தது ஒரு வாரம்.

“இதை வைச்சு அனுப்புங்கோ அக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?” என்றேன்.

“எனக்குத் தெரியுமடி. சத்தியம் பண்ணித்தான் இந்த வேலைக்குள்ள போகவேணும். முதல் சத்தியமே பொய்யெண்டால்?”

“உண்மையைச் சொல்லி அவங்கள் பதியமாட்டம் எண்டால்? அத்தான்ர அம்மாவுக்குத் தெரிஞ்சால் உங்களை விட்டுவைப்பாவோ?”

எனக்கும் அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். என் காரியம் கெட்டுவிடும் என்ற பயத்தில்தான் அப்படிப் பேசினேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை, அத்தான் சாப்பிட்டு முடியும்வரை நின்று, அக்கா எல்லாவற்றையும் சொன்னார். நான் மடித்த உடுப்பையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப இவ்வளவு காலமும் நீர் எனக்குப் பொய் சொன்னனீர், என்ன?”

“ஓம்.”

அப்பா செய்த வேலை என்றுகூட அக்கா சொல்லவில்லை. அத்தான் எழுந்து போய்விட்டார். ஐந்து நாள் அந்த வீட்டில் பேச்சில்லை. போட்ட சோற்றைச் சாப்பிட்டார், பிள்ளையோடு மட்டும் கதைத்தார். அக்காவின் முகம் கறுத்துப் போயிற்று. வியாழன் மாலை அக்கா தன் சத்தியக்கடதாசியைத் தட்டிக்கொண்டிருந்தபோது, அத்தான் கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்தார்.

“யூனிவர்சிற்றிப் போமை நிரப்பினது நான். அதையும் எழுதும்.”

“நீங்கள் தெரியாமல் நிரப்பினீங்கள். தெரிஞ்சு கையெழுத்து வைச்சது நான்.”

“அப்ப ரெண்டையும் எழுதும்.” எழும்பும்போது, “அம்மாவுக்கு மட்டும் சொல்லவேண்டாம்” என்றார்.

விண்ணப்பத்தைப் பார்த்த பதிவுச் சபையார் அக்காவை விசாரணைக்கு அழைத்தார்கள். செவ்வாய்க் கிரகத்துக்கும் பிறந்த திகதிக்கும் என்ன தொடர்பு என்று ஒருவர் கேட்க, அக்கா கட்டம் கீறி விளக்கினாராம். விளங்கியதோ தெரியாது. தகப்பனிடம் ஒரு கடதாசி வாங்கியே காரியத்தை முடித்திருக்கலாமே என்றார் இன்னொருவர். “வந்தது. இதோ” என்று கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார் அக்கா. அதன்பின் ஏழு வாரம் தபால்காரனைப் பார்த்திருந்தோம். பதிவு செய்யச் சம்மதம் என்ற கடிதத்தை அத்தான்தான் உடைத்து, உரத்து வாசித்தார். அக்கா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

பிறகு மெரிலேண்ட்ஸில் தம் அலுவலகத்துக்கு அகதிகளாய் வந்த எத்தனையோ பேரின் பத்திரங்களை அக்கா பார்த்துக் கொடுத்ததை உங்களில் பலர் அறிவீர்கள். “உண்மையை முதல் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்” என்று அதட்டுவார். அவரிடம் ஏச்சு வாங்காதவர் குறைவு.

அக்காவின் கடைசி மாதங்களில் கண்ணும் கருத்துமாய்ப் பார்த்த மருத்துவர்கள், தாதியர், முறைவைத்துச் சோறு சமைத்துத் தந்த அயலவர், கிரியைகளை முன்னின்று நடத்தியோர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரின் முன்பக்கத்தில் உள்ள பிறந்த திகதியைக் கண்டு அச்சுப்பிழை என்று சில உறவினர் நினைக்கக்கூடும். பிழையில்லை. அத்தானின் தாயார் காலமான பின்பும் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அக்கா கண்மூடிய மறுநாள், எண்பத்தாறு வயது அத்தான், தன் கையாலேயே உண்மைத் திகதியை எழுதி அச்சகத்துக்குக் கொடுத்தார்.