நோராவைக் கரை சேர்த்தவர்

சாப்பாட்டு வண்டியை வார்டுக்கு நடுவே நிறுத்திவிட்டு, சூப் ஆறிக்கொண்டிருப்பதையும் மறந்து, மெனு அட்டையின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார் மகேந்திரராஜா. கடந்துபோன தாதி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். அவர் இரண்டு விரலை உயர்த்தி இரண்டு நிமிடம் கேட்டார். எழுதி முடித்ததும் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மருந்துக் கூடையோடு நின்ற என்னிடம் ஊர்ச் செய்தி சொல்வது போலச் சொன்னார்: "பிள்ளை, நோரா இப்ப தபால்கந்தோர்க் கூரையிலை நிக்கிறா. பக்கத்திலை ஒரு ஆடும் நிக்குது."

சிட்னியின் மேற்கே, பரமட்டாவை ஒட்டி, நீண்டகால நோயாளிகளுக்கென்று ஒரு பழைய மருத்துவமனை இருக்கிறது. அங்கே நான் மருந்தகத்தில் வேலை செய்கிறேன். அவர் மூன்று வேளையும் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறார். வயது ஐம்பத்திரண்டு. ஒல்லியான உடம்புக்கு ஓர் அளவு பெரிதான வெள்ளை மேலங்கி. ஷூ மட்டும் முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும். முதல்நாள் நான் 'சார்' என்று கூப்பிட்டபோது பதறிப்போனார். "ட்ரொலி தள்ளுறவனை ஆர் பிள்ளை சேர் எண்டு கூப்பிடுறது? அண்ணை எண்டு சொல்லுங்கோ." திருச்சிக்காரியான என் வாயில் அது 'அண்ணா'வாகி நின்றுவிட்டது.

இலங்கையில் இருபத்துநான்கு வருடம் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளார்க்காக இருந்தவர். மனைவி சத்தியபாமா தாதி. மனைவிக்கு இங்கே வேலை கிடைத்து 1974இல் குடும்பத்தோடு வந்தார்கள். கிளார்க் அனுபவத்தை இங்கே யாரும் கேட்கவில்லை. அதைப் பற்றி அவரிடம் புலம்பல் கிடையாது. "அங்கை பைல் தள்ளினனான், இஞ்சை ட்ரொலி தள்ளுறன். சில்லுத்தான் வித்தியாசம்" என்பார், வண்டிச் சக்கரத்தைக் காட்டி. ஆனால் கச்சேரி அவருடைய ஆங்கிலத்தில் இன்னும் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. 'இன்றைய இனிப்பு அரிசிப் பாயசம் என்பதைத் தங்களுக்குப் பணிவுடன் அறியத்தருகிறேன்' என்ற தோரணையில்தான் கிழவிகளுக்குச் சாப்பாடு நீட்டுவார். அவர்கள் அதற்காகவே 'இன்று என்ன இனிப்பு?' என்று தெரிந்துகொண்டே கேட்பார்கள்.

அந்த வார்டில் எல்லோரும் பார்த்த தொலைக்காட்சித் தொடர் 'கரன்டில்லா'. ஆற்றோரத்து நாட்டுப்புற ஊர் ஒன்று, அங்கே நோரா என்ற பெண் டாக்டர், தபால்காரர், கடுகடுத்த வங்கி மேலாளர் என்று போகும் கதை. சென்ற வருடம் தொலைக்காட்சி நிலையம் அதைத் திடீரென்று நிறுத்திவிட்டது. நிறுத்திய இடம்தான் கொடுமை. பெருவெள்ளம். பிரசவம் பார்க்கப் படகில் போகிறாள் நோரா. படகு கவிழ்கிறது. அவ்வளவுதான். அடுத்த வாரம் அந்த நேரத்தில் ஒரு வினாடி வினாப் போட்டி வந்தது.

திருமதி டொரீன் பைக் என்ற எழுபத்தெட்டு வயதுப் பாட்டி அன்றிலிருந்து சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். ஒரு காலத்தில் மளிகைக்கடை நடத்தியவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை, முதுகெல்லாம் படுக்கைப் புண். பிள்ளைகள் கிடையாது. நோராதான் வாரத்துக்கொரு முறை வந்து பார்க்கும் உறவு. மூன்றாம் நாள் மகேந்திரராஜா சூப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் காதருகே குனிந்து ஒரு பொய் சொன்னார். அதை எனக்குத் திருப்பிச் சொன்னபோது அவருக்கே வெட்கமாக இருந்தது.

"நோரா சாகேல்லை, மரக்கொப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா எண்டு சொன்னன். கிழவி என்னை முழுசிப் பாத்துது. எந்த மரம் எண்டு கேட்டுது. நான் என்னத்தைச் சொல்ல? சூப்பைக் குடியுங்கோ, மத்தியானம் சொல்லுறன் எண்டிட்டன்."

மத்தியானம் மரம் வந்தது. இரவுச் சாப்பாட்டோடு மரத்தில் சுற்றிய பாம்பு வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் உரக்கச் சொல்லும்படி கேட்டார்கள். கோடிக் கட்டில்களுக்குக் கேட்கவில்லை என்று சண்டை வந்தபோது, வார்டுத் தலைமைத் தாதி சிஸ்டர் மோரீன்தான் அதை எழுதித் தரச் சொன்னார்.

கச்சேரியில் டைப் அடித்த கை. மாதத்துக்கு ஓர் இதழாக, ஸ்டென்சிலில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்தார். எதிரேயிருந்த பள்ளிக்கூடத்தார் பிரதியெடுக்கும் தங்கள் ரோனியோ இயந்திரத்தைச் சனிக்கிழமைகளில் தந்தார்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பிரதி விலைக்கு வாங்கினார்கள். பிறகு மற்ற முதியோர் விடுதிகளிலிருந்தும் கேட்டு ஆள் அனுப்பினார்கள். காற்று மாறி மாறி ஏறி இறங்கும் மெத்தை என்று ஒன்று வந்திருந்தது. அதில் படுத்தால் படுக்கைப் புண் ஆறும். மருத்துவமனையில் அதற்கு வசதியில்லை. 'கரன்டில்லா' விற்ற பணத்தில் ஆறு மாதத்தில் இரண்டு மெத்தைகள் வந்தன. முதலாவதில் திருமதி பைக்கைப் படுக்கவைத்தார்கள்.

அந்த ஆறு இதழ்களையும் நான் படித்தேன். நீளமான கதைதான், ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் நீட்டி நீட்டி எழுதியதில் ஆறு இதழாகியும் வெள்ளம் வற்றவில்லை. நோரா கூரைக்குக் கூரை போய் ஆட்களை மீட்டுக்கொண்டே இருந்தாள். நோராவும் சரி, ஆஸ்திரேலிய விவசாயிகளும் சரி, யாரைக் கண்டாலும் முதலில் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டார்கள். வீட்டுக்குள் நுழையுமுன் ஷூவைக் கழற்றினார்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கேட்பதில்லையே என்று சிஸ்டர் மோரீன் சிரித்தாராம். மகேந்திரராஜா சிரிக்கவில்லை. மட்டக்களப்புக் கச்சேரியில் இருந்தபோது வெள்ள நிவாரணம் கொடுக்கப் படகில் போனவர் அவர். "வெள்ளத்தாலை வாறவனை நாங்கள் முதலிலை பேர் கேட்டு, விலாசம் கேட்டு, போம் நிரப்பினனாங்கள். ஒரு மனிசன் போமிலை கையெழுத்து வைச்சுப்போட்டு அப்படியே மயங்கி விழுந்திட்டான். மூண்டு நாள் சாப்பிடேல்லையாம். முதலிலை அதைக் கேட்டிருக்க வேணும், பிள்ளை."

தனக்கென்று சில சட்டங்களும் வைத்திருந்தார். தபால்காரருக்கு நோராவைக் கட்டிக்கொடுக்கச் சொல்லிப் பாட்டிமார் நச்சரித்தார்கள். மாட்டவே மாட்டேன் என்றுவிட்டார். "அவ ரீவிக்காரர் பெத்த பிள்ளை. தண்ணிக்குள்ளை விட்டிட்டுப் போனபடியாலை நான் தூக்கி வைச்சிருக்கிறன். கலியாணம் பேச நான் ஆர்?"

ஒரு நோயாளியின் மகன் ஆர்வக்கோளாறில் ஆறு இதழ்களையும் தொலைக்காட்சி நிலையத்துக்கு அனுப்பி, 'இதைப் படமாக எடுங்கள்' என்று எழுதிவிட்டார். பதில் வக்கீலிடமிருந்து வந்தது. கரன்டில்லாவும் அதில் வரும் அத்தனை பேரும் நிலையத்தின் சொத்து. அனுமதியில்லாமல் எழுதியது குற்றம். உடனே நிறுத்த வேண்டும், மிஞ்சிய பிரதிகளை அழிக்க வேண்டும், விற்ற பணத்தை ஒப்படைக்க வேண்டும்.

மருத்துவமனைச் செயலாளர் அவரைக் கூப்பிட்டு, வழக்கு என்று வந்தால் வேலை இருக்காது என்று சொல்லி அனுப்பினார். நார்த்மீட்டில் அவர்கள் கடனில் வீடு வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. அன்று மாலை நான் அந்த வீட்டுக்குப் போனபோது சத்தியபாமா சமையலறையிலிருந்து வெளியே வராமலே பேசினார். "உங்களுக்கு உது தேவையோ? ஆரோ எழுதின கதை, ஆரோ ஒரு பொம்பிளை. வந்த இடத்திலை கரைச்சல்." இவர் நாற்காலியில் தலைகுனிந்து இருந்தார். ஏழாவது இதழ் அப்போதுதான் அச்சாகி, இருநூறு பிரதிகள் பெட்டிகளுக்குள் இருந்தன. அதில்தான் நோரா கரை ஏறுகிறாள்.

"பேரை மட்டும் மாத்திட்டா போதுமே அண்ணா?" என்றேன் நான். "நோராவை லாரான்னு வெச்சுட்டு, ஊர் பேரையும் மாத்திட்டா யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

"அதுதான் பிள்ளை களவு" என்றார் உடனே. "இப்ப அவ ஆரின்ரை பிள்ளை எண்டு எல்லாருக்கும் தெரியும். பேரை மாத்தினால் என்ரை பிள்ளை எண்டு சொன்ன மாதிரிப் போயிடும். அவையள் சொல்லுறது சரி. நான் கேட்டிருக்க வேணும். நேரிலை போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. "அந்தச் சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு போங்கோ" என்றார் சத்தியபாமா. "சேட்டு நான் அயர்ன் பண்ணி வைக்கிறன்."

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான்தான் நிலையத்து வக்கீலின் அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். வக்கீலுக்கு என் வயதுதான் இருக்கும். மேசையில் ஆறு இதழ்களும் கிடந்தன. இவற்றை எழுதியது யார் என்று கேட்டார்.

"நானே" என்றார் மகேந்திரராஜா, எழுந்து நின்று, தன் கச்சேரி ஆங்கிலத்தில். "குற்றம் என்னுடையது. கதை தங்களுடையது."

வக்கீல் அவரை உட்காரச் சொல்லிவிட்டு ஓர் இதழைப் புரட்டினார். தேவைக்கு அதிகமாகவே படித்தார் என்று எனக்குப் பட்டது. "எங்கள் தொடரில் இந்த வங்கி மேலாளர் மோசமான ஆள். இங்கே கூரைமேல் உட்கார்ந்து தன் பிஸ்கட்டை எல்லோருக்கும் பங்கு வைக்கிறாரே?"

"அப்போது அவருக்கு வெள்ளம் வந்திருக்கவில்லை, ஐயா."

வக்கீல் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. ஏழாவது இதழை மட்டும் வெளியிட அனுமதிக்கும்படி மகேந்திரராஜா கேட்டார். ஒன்றை விட்டால் எல்லாவற்றையும் விட்டதாகிவிடும் என்றார் வக்கீல். பணம் எங்கே என்று கேட்டார்.

"அது இப்போது மெத்தையாக இருக்கிறது. ஒன்றில் திருமதி டொரீன் பைக் படுத்திருக்கிறார். தாங்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடுவதற்காக அவரை நாற்காலியில் உட்காரவைப்பார்கள், அந்த நேரம் வசதி."

அதில் கேலி இல்லை. வாகனத்தை எங்கே நிறுத்தலாம் என்பதையும் சொல்லத் தொடங்கினார். வக்கீல் கையை உயர்த்தி நிறுத்தி, பணத்தைப் பற்றிய வரியைப் பேனாவால் அடித்தார். மற்றவற்றுக்கு மகேந்திரராஜா கையெழுத்து வைத்தார். வைத்த பிறகு ஒரு சந்தேகம் கேட்டார்: பிரதிகளை அழிக்குமுன் வாசித்துக் காட்டுவதற்குத் தடை உண்டா? வக்கீல் தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "அதைப் பற்றி இதில் எதுவும் இல்லை" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் எனக்குத்தான் ஆத்திரம். அவர், "நல்ல பொடியன், தன்ரை வேலையைச் செய்யிறான்" என்றார். வீட்டுத் தெரு வந்த பிறகுதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு பொம்பிளையை ஆறு மாசம் தண்ணிக்குள்ளை வைச்சிருந்திட்டன், பிள்ளை. முந்தியே கரை ஏத்தியிருக்க வேணும்."

இருநூறும் அழிக்க வேண்டாம், ஒரு பெட்டியைத் தன் வீட்டில் ஒளித்துவைக்கிறேன் என்று சிஸ்டர் மோரீன் சொன்னார். இவர் கேட்கவில்லை. கையெழுத்து வைத்தாயிற்று, அதோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கொதிகலன் அறைக்கு முன்னாலிருந்த முற்றத்தில் சக்கர நாற்காலிகளைப் பாதி வட்டமாக நிறுத்தினார்கள். பதினோரு பேர். வெயில் இருந்தது, காற்றும் இருந்தது. வாசிக்கும்போது கூடவே பார்ப்பதற்காக ஆளுக்கொரு பிரதி கொடுத்தார் சிஸ்டர். இரவுப் பணிக்குப் போக வேண்டிய சத்தியபாமாவும் தூக்கத்தை விட்டு வந்து ஓரமாக நின்றார். கொதிகலன்காரர் பிரதிகளை எரிப்பதற்காக அறைக் கதவில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார்.

மகேந்திரராஜா சாம்பல் நிறக் கோட்டோடு நின்று வாசித்தார். நோராவின் கால் முதல் தடவையாகத் தரையில் படுகிறது. சேறு. பள்ளிக்கூடத்து வாசல் வரை நடக்கிறாள். ஆறு நாளாக ஊரையெல்லாம் பார்த்து அவள் கேட்ட கேள்வியை, அங்கே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த யாரோ ஒரு பெண் அவளைப் பார்த்துக் கேட்கிறாள். அந்த இடத்தில் அவர் நிறுத்தி, இருமிவிட்டு, அதே வரியை முதலிலிருந்து வாசித்தார். கதை முடிந்தும் யாரும் கைதட்டவில்லை. ஒரு கிழவர் மட்டும், "அப்பாடா, அவளுடைய ஈரம் காய்ந்துவிட்டது" என்றார்.

பிறகு அவர் ஒவ்வொரு நாற்காலியாகப் போய்ப் பிரதிகளைத் திரும்ப வாங்கினார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார். பத்துப் பிரதிகள் கைக்கு வந்தன. திருமதி பைக் கடைசியாக இருந்தார். இரண்டு கையையும் வெறுமையாக மடியில் விரித்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். மடியில் விரித்திருந்த கம்பளிக்குக் கீழே தாளின் மூலை ஒன்று வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. சிஸ்டரும் பார்த்தார், நானும் பார்த்தேன். மகேந்திரராஜாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் குனிந்தார். "காற்றுக் குளிராக இருக்கிறது, திருமதி பைக்" என்று சொல்லி, கம்பளியை இழுத்து, தாளின் மூலை தெரியாதபடி முழங்காலைச் சுற்றி நன்றாகச் செருகிவிட்டார்.