மனதில் பட்டதைச் சொன்ன கோல்கீப்பர்

ஹெட்டா பிறந்த, வடதுருவத்தை ஒட்டிய கிருனா ஊரில் மே மாதத்திலும் பனி கிடக்கும். அங்கே ஒரு பெண் கால்பந்து ஆட ஆசைப்பட்டால் முதலில் மைதானத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவள் அப்பா ஸ்டூரே நகராட்சியின் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர் என்பதால் அந்தக் கவலை இல்லை. ஊர்ச் சாலைக்கு முன்பே மைதானம் சுத்தமாகிவிடுகிறது என்று எதிர்வீட்டார் முணுமுணுத்ததும் உண்டு.

ஏழு வயதில் கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றாள். வேறு யாரும் நிற்க மாட்டேன் என்றார்கள், அவ்வளவுதான் காரணம். வெளியூர்ப் போட்டிக்குக் காசு சேர்க்க, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் செய்வதுபோல, வீடு வீடாகப் போய்க் கழிவறைக் காகிதம் விற்றாள். பயிற்சி கொடுத்தது தோழியின் அம்மா குன்னெல். எல்லாரும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஆசிரியர், மருத்துவர், ஏன், நகரத் தலைவர்கூட அங்கே வெறும் பேர்தான். ஆட்டம் முடிந்ததும் இலவங்கப்பட்டை ரொட்டியோடு வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். சொன்னவளை யாரும் திட்ட மாட்டார்கள். சொல்லாமல் இருப்பவளைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இப்படி வளர்ந்தவள் இருபது வயதில் தெற்கு இத்தாலியில் போய் இறங்கினாள். த்ரானி என்ற துறைமுக ஊரின் மகளிர் அணி, இரண்டாம் டிவிஷன், ஒரு வருட ஒப்பந்தம். ஆடிக் காட்டினால் வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் கிருனாவுக்குத் திரும்பி, அத்தை சொல்லி வைத்திருக்கும் மளிகைக் கடையில் வேலை. அந்த வேலைமீது அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வாழ்வதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வினை மூன்றாவது வாரமே வந்தது. பயிற்சியாளர் ருஜ்ஜேரோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இத்தாலியில் பயிற்சியாளர்களை 'மிஸ்டர்' என்பார்கள். த்ரானியில் மீன்காரர்கள்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கரும்பலகையில் கோடு கிழித்து, கார்னர் பந்து வரும்போது கோல்கீப்பர் கோல் கோட்டிலேயே நிற்க வேண்டும் என்று விளக்கிவிட்டு, "கேள்வி இருக்கா?" என்றார். கூட்டம் முடிந்தது, எழுந்து போங்கள் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். ஹெட்டாவுக்கு அது எப்படித் தெரியும்? கையைத் தூக்கினாள்.

"ருஜ்ஜேரோ, நீ சொல்றது தப்புன்னு தோணுது. நான் கோட்டுலயே நின்னா எவளாவது உயரமானவ தலையால முட்டி உள்ள தள்ளிடுவா. நானே வெளிய வந்து பிடிச்சிடறேனே?"

மிஸ்டர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். தடுப்பாட்டக்காரி நுன்சியா வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! அவரு பொண்டாட்டியே அவரை மிஸ்டர்னுதான் கூப்பிடறா. நீ பேரச் சொல்லி, தப்புன்னு வேற சொல்றே!"

"அவர்தானே கேள்வி இருக்கான்னு கேட்டார்?"

"கேட்டா? அவர் கேட்டா நீ கேட்டுடுவியா?"

பதினோரு ஆட்டங்கள் அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"நீ சொன்னது சரியா?" என்றார் ஸ்டூரே.

"சரிதான்ப்பா."

"அப்புறம் எதுக்கு அழுவுறே? இங்க மைனஸ் இருபத்தெட்டு, வண்டியே கிளம்பல. உனக்கு வெயிலாவது இருக்கு."

ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். இருந்தாலும் மறுநாள் அவள் நேராக மிஸ்டரிடம் போனாள்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க, மிஸ்டர்."

"மத்ததுக்கு?"

"மத்தது என் மனசுல பட்டது. அதுக்கு எப்படி மன்னிப்பு கேக்கறது?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிப்ரவரியில் முதல் கோல்கீப்பர் இலாரியாவின் விரல் முறிந்தது. வேறு வழியில்லாமல் ஹெட்டாவை இறக்கினார்கள். எண்பது நிமிடம் ஒரு கோல் முன்னிலையில் கட்டிக் காத்தாள். பிறகு ஒரு கார்னர். மிஸ்டர் ஓரத்திலிருந்து "கோட்டுல நில்லு!" என்று கத்தக் கத்த அவள் வெளியே பாய்ந்தாள். பந்து விரல் நுனியில் உரசிக்கொண்டு போய் எதிரணிக்காரியின் நெற்றியில் பட்டு உள்ளே விழுந்தது. ஆட்டம் சமன்.

உடை மாற்றும் அறையில் வழக்கமான பாராயணம் தொடங்கியது. காற்று சரியில்லை, புல் சரியில்லை, நடுவர் விலை போய்விட்டார். நுன்சியா நல்ல மனதோடு, "ஹெட்டாவ இடிச்சுத் தள்ளினாங்க, நான் பார்த்தேன்!" என்று ஒரே போடாகப் போட்டாள்.

ஹெட்டா எழுந்தாள். "யாரும் இடிக்கல. என் தப்பு, லேட்டா கிளம்பிட்டேன். ஆனா மிஸ்டர், அடுத்த வாட்டியும் நான் வெளிய வருவேன். சீக்கிரமா கிளம்புவேன்."

நுன்சியா துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். மிஸ்டர் வெளியேறினார். தன் கதை முடிந்தது என்றே ஹெட்டா நினைத்தாள். அன்றைக்கே பெட்டியைக் கீழே இறக்கிப் பாதி அடுக்கிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பயிற்சிக்குப் போனபோது, கார்னர் கொடிப் பக்கத்தில் மிஸ்டர் ஒரு மூட்டைப் பந்துகளோடு தனியாக நின்றிருந்தார். "வா, எப்படி வெளிய வர்றேன்னு பார்ப்போம்" என்றார். முழங்கால் வலியோடு அவரே நாற்பது பந்து அடித்தார். "லேட்டு," என்றார். அடுத்ததற்கும் "லேட்டு" என்றார். இருபதாவது பந்து வாக்கில் "ம்" என்றார். அந்த 'ம்' அவளுக்குத் தேனாக இனித்தது.

மீதி ஒன்பது ஆட்டமும் அவள்தான். ஒன்றில் நான்கு கோல் வாங்கினாள், அதையும் மறைப்பானேன். அணி ஏழாம் இடத்தில் முடித்தது.

மே மாதம் சங்க அலுவலகத்தில் செயலாளர் புதிய ஒப்பந்தத்தை நீட்டினார். ஒரு வருடம் என்று இருந்தது. ஹெட்டா வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்கையில் மிஸ்டர் உள்ளே வந்தார்.

"ரெண்டு வருஷமாப் போடு."

"உங்களுக்கே இன்னும் ஒரு வருஷம்தானே மிஸ்டர் இருக்கு?" என்றார் செயலாளர்.

"அதனாலதான் சொல்றேன். எனக்கப்புறம் வர்றவன்கிட்டயும் 'தப்பு'ன்னு சொல்ல இங்க ஒரு ஆள் வேணும். முப்பது வருஷமா என்கிட்ட யாருமே சொல்லலியே."

ஹெட்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாள்.