பெரிய டேர்போவும் இரண்டெழுத்துச் சொல்லும்

1984ஆம் ஆண்டு, பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இது நடந்தது. இடம் உரும்பிராய், எங்கள் பக்கத்து வீட்டு முற்றம். நான் அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தேன். அச்சுக்கோத்த தாளில் பிழை பார்ப்பது தொழில்.

பக்கத்து வீட்டு அண்ணையிடம் ஒரு டீசல் கார் இருந்தது. வெளிநாட்டில் வேலை செய்த மைத்துனர் அனுப்பியது. வெள்ளிக்கிழமைகளில் தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலுக்கும், மற்ற நாட்களில் ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீடுகளுக்கும் வாடகைக்கு ஓடுவார். அந்தக் காரில் டேர்போ என்று ஒரு பகுதி உண்டு. எஞ்சின் வெளியே விடும் புகையின் வேகத்தில் உள்ளே ஒரு சின்னக் காற்றாடி சுழன்று, எஞ்சினுக்குக் கூடுதலாகக் காற்றைத் தள்ளும். பார்வைக்கு நத்தை ஓடு மாதிரி இருப்பதால் அந்த வீட்டில் அதற்கு நத்தை என்றே பெயர். அந்த நத்தை உடைந்துவிட்டது. புதியது வேண்டுமென்றால் கொழும்புக்குப் போக வேண்டும். முந்தைய ஆடி மாதத்துக் கலவரத்துக்குப் பிறகு அண்ணை கொழும்புக்குப் போவதில்லை.

அதே ஆடி மாதத்தால் வந்து சேர்ந்தவர்தான் அவர்களுடைய பின்னறையில் இருந்தவர். முப்பது வயதிருக்கும். மலைநாட்டில் ஒரு சிறு நகரத்தில் தேநீர்க்கடை வைத்திருந்தார். கடையை எரித்துவிட்டார்கள். அகதிகளோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்திறங்கியவரை அண்ணை காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். சில நாட்களுக்கு என்று சொல்லி வந்தவர். மாதங்கள் போய்விட்டன. சாப்பிடக் கூப்பிட்டால் ஒரே குரலில் வரமாட்டார். யாரும் எழும்புமுன் முற்றத்தைக் கூட்டி, தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்துவிடுவார். சும்மா இருந்து சாப்பிடுகிறோமே என்ற எண்ணம் அவரை உட்காரவிடவில்லை. என்னிடம் அதைச் சொல்லியும் இருக்கிறார்.

சுன்னாகத்தில் உடைந்து கிடந்த ஒரு லொறியில் டேர்போ ஒன்று நல்ல நிலையில் இருப்பதை அவர்தான் தேடிப் பிடித்தார். அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவந்து அண்ணையின் முன்னால் வைத்தார். காரில் இருந்ததைப்போல ஒன்றரை மடங்கு பருமன்.

“லொறியின்ரை சாமானெல்லோ தம்பி. காருக்குப் பெரிசு,” என்றார் அண்ணை.

“பெருசா இருந்தா இழுவை நல்லா இருக்கும்ணே. எங்க ஊரு மலையில இந்த மாதிரிதான் இழுக்கும்.”

அண்ணையின் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “ஓம், உரும்பிராயிலை ஏறுறதுக்கு ஆர் மலை வைச்சிருக்கினம்?” என்று கேட்டார். வந்தவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் சாக்கை மறுபடி சுற்றத் தொடங்கினார். அண்ணை அதைப் பிடித்து நிறுத்தினார். டேர்போ இல்லாமலே வெறும் குழாயைப் பொருத்திக்கொண்டும் கார் ஓடும், கொஞ்சம் மெதுவாக. அப்படித்தான் செய்ய நினைத்திருந்தார். பின்னர் நான் காரணம் கேட்டபோது, “அவன் கொண்டந்து தந்தது. போட்டுப் பாப்பம்,” என்று மட்டும் சொன்னார்.

வேலை முற்றத்தில், வேம்பின் கீழே நடந்தது. லொறியின் ஆணித் துளைகளும் காரின் துளைகளும் பொருந்தவில்லை. நடுவில் வைக்க ஓர் இரும்புத் தகட்டைக் கோப்பாயில் வெட்டுவித்தார்கள். புதியது பெரியது என்பதால் சற்றுத் தாழ்ந்து உட்கார்ந்தது. அதிலிருந்து எண்ணெய் கீழே இறங்கும் றப்பர்க் குழாயை வளைத்துத்தான் பொருத்த முடிந்தது. அந்த வளைவைப் பற்றி யாரும் பெரிதாக எண்ணவில்லை.

ஞாயிறு காலை எஞ்சினை முடுக்கினார்கள். எஞ்சினை மூடும் பொனட்டை ஒரு கம்பி தாங்கி நின்றது. காற்று வடிகட்டியை இன்னும் பூட்டவில்லை. நத்தையின் வாய் திறந்தே இருந்தது. முதலில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு முற்றம் முழுவதும் வெள்ளைப் புகை. யாரும் மிதிக்காமலே எஞ்சினின் சத்தம் ஏறத் தொடங்கியது. அண்ணை திறப்பை, கார்ச் சாவியை, திருகி நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை. குழாயின் வளைவில் இறங்க வழியில்லாமல் தேங்கிய எண்ணெய், காற்றோடு சேர்ந்து எஞ்சினுக்குள் போய்விட்டது. எஞ்சின் தன்னுடைய எண்ணெயையே குடித்து ஓடுகிறது. திறப்பு அதற்கு ஒரு பொருட்டில்லை. காற்றை அடைத்தால்தான் நிற்கும், அல்லது வெடிக்கும்.

அண்ணை பொனட்டின் கீழே குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். நத்தையின் வாய் மறுபக்கம், வந்தவர் நின்ற பக்கம். அண்ணை அதைக் கையால் காட்டிக் கத்தினார்: “உதை அடை! உதை! உதை!”

வந்தவர் உதைத்தார். காரின் முன்பக்கத்தைத் தன் பலம் முழுவதையும் கூட்டி ஒருதரம். மறுபடியும் ஒருதரம். செருப்புப் பறந்தது. அந்த அதிர்ச்சியில் கம்பி நழுவி, பொனட் அண்ணையின் முதுகில் விழுந்தது. அவருடைய முழங்கை கொதிக்கிற புகைக்குழாயில் அழுந்தியது. நான் ஓடிப்போய்ப் பொனட்டைத் தூக்கினேன். அதற்குள் அண்ணையின் மனைவி குசினியில் சமைக்கும்போது குந்தி இருக்கும் பலகையோடு வந்து, அதை நத்தையின் வாயில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். எஞ்சின் இருமிக்கொண்டு நின்றது.

கிணற்றடியில் அண்ணையின் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்: “ஏன் தம்பி உதைச்சனி?”

“நீங்கதானேண்ணே உதைன்னீங்க.”

அப்போதுதான் விளங்கியது. இதுவுமில்லாமல் அதுவுமில்லாமல், கேட்பவருக்குக் கிட்ட இருப்பதை நாங்கள் உது என்போம். உதை அடை என்றால், உன் பக்கத்தில் இருப்பதை அடை. மலைநாட்டில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. அங்கே உதை என்றால் காலால் உதைப்பதுதான். அச்சில் கோத்தால் இரண்டும் ஒரே இரண்டு எழுத்து. பிழை திருத்துவதையே தொழிலாகக் கொண்ட எனக்கும் அன்றுவரை அது தோன்றியதில்லை.

முதலில் சிரித்தது அண்ணையின் மனைவி. பிறகு அண்ணை. வந்தவர் சிரிக்கவில்லை. அண்ணையின் கையில் எழும்பிய கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது பின்னறை கூட்டித் துடைத்துக் கிடந்தது. பாய் சுருட்டி மூலையில் நின்றது. அவருடைய பை இல்லை.

அண்ணையால் சைக்கிள் பிடிக்க முடியாது. பின்னால் ஏற்றிக்கொண்டு நான் மிதித்தேன். பலாலி வீதியில், பஸ் தரிப்பிடத்தில் வந்தவர் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“எங்கை வெளிக்கிட்டாய்?”

“தெரியலண்ணே. ஒங்களக் கொல்லப் பாத்துட்டேனே.”

“நீ காரைத்தான் உதைச்சனி. அதுக்கு நோகேல்லை.” அண்ணை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “என்ரை கை கொஞ்ச நாளைக்கு ஏலாது. அந்த எண்ணெய்க் குழாயை நேராப் போட வேணும். நீ போனால் ஆர் போடுறது? இவரோ? இவருக்குக் காற்புள்ளி போடத்தான் தெரியும்.”

பஸ் வந்தது. நின்றது. போனது. வந்தவர் பையை என் சைக்கிள் கைபிடியில் மாட்டினார். மூவரும் நடந்தே திரும்பினோம்.

மறுநாள் குழாயைக் கழற்றி நேராகப் பொருத்தியது அவர்தான். அண்ணை ஒரு கையால் சுட்டிக்காட்டிக்கொண்டு நின்றார். அதன் பிறகு அந்த நத்தை ஒழுங்காக ஓடியது. உரும்பிராய்ச் சந்திகளுக்குள் அது சுழன்று வேகம் பிடிப்பதற்குள் அடுத்த சந்தி வந்துவிடும். வல்லைவெளியின் நீண்ட தெருவில் மட்டும் விசில் அடிக்கும். அப்போது அண்ணை, “உன்ரை மலை வருகுது,” என்பார். முன்னிருக்கையில் இருப்பவர் வெளியே பார்த்துச் சிரிப்பார்.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததை. சில வாரம் கழித்து அண்ணை காருக்கு அடியில் கிடந்து வேலை செய்துகொண்டிருந்தார். வந்தவர் பக்கத்தில் இருந்தார். அண்ணை கையை நீட்டி, “உ...” என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, “உன்ரை காலடியிலை கிடக்கிற பத்தாம் நம்பர் ஸ்பனரைத் தா,” என்றார். கொஞ்சம் கழித்து என்னிடம் கையை நீட்டி, “உதை எடும்,” என்றார். வித்தியாசம் அப்போதுதான் காதில் விழுந்தது. அன்றிலிருந்து கவனித்தேன். அவருடன் பேசும்போது அண்ணை உது, உதை, உந்த என்று ஒருமுறையும் சொல்லவில்லை. பஸ் தரிப்பிடத்தில்கூட அந்தக் குழாய் என்றுதான் சொல்லியிருந்தார். பிறந்தது முதல் வாயில் இருக்கிற சொல். ஒவ்வொரு தடவையும் அது வருமுன் ஒரு கணம் நின்று, பொருளின் பெயரைத் தேடிச் சொல்வார். யாரும் கேட்டுச் செய்ததல்ல. அவரும் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் வந்தவர் சந்திக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடை போட்டார். ஒருநாள் நான் போயிருந்தபோது மேசையைக் காட்டி, “உந்தக் கிளாஸ இப்பிடித் தாங்க,” என்றார், மிகச் சாதாரணமாக. மாலையில் அண்ணையிடம் சொன்னேன். இனி நீங்கள் தாராளமாகச் சொல்லலாம், அவருக்குப் பழகிவிட்டது என்றேன்.

“அது இருக்கட்டும்,” என்றார் அண்ணை.

நான் அங்கு இருந்த காலம்வரை அண்ணை அந்தச் சொல்லை வந்தவரிடம் பேசவில்லை. வந்த ஒருவருக்கு அறை ஒதுக்குபவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அவருக்காகத் தன் பேச்சிலிருந்து ஒரு சொல்லை ஒதுக்கிய மனிதர் அண்ணை ஒருவர்தான். இன்றைக்கும் தாளில் அந்த இரண்டு எழுத்தைக் கண்டால் என் பேனா ஒரு கணம் நிற்கிறது.